நான்கு பேருக்கு ஒரு கல்

கல் விளையும் குன்றுகளுக்கெல்லாம் தலைவரும், சொன்ன சொல் கல்லில் வெட்டியதுபோல் நிற்பவருமான நெடுவரை நாட்டு வேள் ஆதனழிசியார் திருமுன்பு: தங்கள் சுனைகள் வற்றாதிருக்க, தங்கள் தச்சர் உளிகள் மழுங்காதிருக்க, தங்கள் குடிகளில் எவரும் வீடு திரும்பாமல் போகாதிருக்க. அலைவாய்ப் பேரரசரின் இலச்சினைக்கீழ், முத்தலைத்துறையின் துறைநாயகம் சாத்தையன் விடுக்கும் ஓலை.

சென்ற தைத் திங்களில் இதே சாத்தையன் தங்களிடம் நடுகல் நான்கு கேட்டு ஆள் விட்டதும், கற்கள் வண்டியேறும் முன்னரே ‘ஒன்று போதும்’ என்று மறு ஓலை விட்டதும் தங்கள் நினைவில் இருக்கும். எங்களுடையது மணல் நாடு. கல் வேண்டுமென்றால் தங்கள் வாசலுக்குத்தான் வரவேண்டும். நான்கை ஒன்றாக்கிய சாமர்த்தியத்தை அவன் அன்று கடைத்தெரு முழுதும் சொல்லித் திரிந்தான். கூலவாணிகர் தெருவில் பிறந்தவன். எதையும் குறைத்துக் கேட்காவிட்டால் அவனுக்கு நாக்கு அரிக்கும். அந்தச் சாமர்த்தியம் செய்த வேலையைச் சொல்லவே இவ்வோலை.

எண்ணெய் ஏற்றிய அயல்நாட்டுக் கப்பல் ஒன்று துறைக்குள் தீப்பற்றியது. படகுகள் கட்டிக்கிடந்த கரையை நோக்கிக் காற்று அதைத் தள்ள, மாலுமி ஒருவன் கடலில் குதியாமல் சுக்கானைத் திருப்பி, கப்பலை ஆழ்கடலுக்குக் கொண்டுபோய் அதனோடு எரிந்தான். புகையினூடே கரையிலிருந்தோர் கண்டது ஒரே உருவம். துறைக்காக உயிர் விட்டவனுக்குக் கல் நாட்டி, அவன் பெயரை வெட்டி, மும்முறை கூவி அழைத்துக் கள் படைப்பது எங்கள் மரபு. தன் பெயர் காதில் விழுந்தால்தான் கடலில் செத்தவன் கரையேறி அடங்குவான். கல் பெற்றவனின் நாட்டார் மரக்கலங்களுக்குத் துறையில் முதல் கட்டுமிடம் என்பதும் மரபு.

மறுநாளே பண்டசாலைக்காரர் நால்வர் வந்து, இறந்தவன் எங்கள் ஆள் என்றனர். செர்மானியர் சொன்ன பெயர் வில்ஹெல்ம். ஒல்லாந்தர் சொன்னது வில்லெம். பிராஞ்சியர் சொன்னது கியோம். இத்தாலியர் சொன்னது குல்யெல்மோ. பெயர் நான்கென்று தங்களிடம் ஆள் போனபின், துபாசி பிச்சாண்டார் வந்து விளக்கினார். செர்மானியரின் பழம்பேச்சில் ‘வில்’ என்றால் மனத்திண்மையாம். ‘ஹெல்ம்’ என்றால் தலைக்கவசமாம். திண்மையையே கவசமாகக் கொண்டவன் என்று ஆண்மகவுக்கு இடும் பெயர். அது ஒல்லாந்தர் கரையில் தேய்ந்து வில்லெம் ஆயிற்று. பிராஞ்சியர் வாயில் முதலெழுத்துத் தங்காமல் ககரம் வந்து ஒட்டிக் கியோம் ஆயிற்று. இத்தாலியர் அதற்கு வால் வைத்துக் குல்யெல்மோ ஆக்கினர். வேர் ஒன்று, கிளை நான்கு.

கட்டுமிடத்துக்காக நால்வரும் ஒரே பிணத்தைப் பங்கு போடுகிறார்கள் என்று சாத்தையன் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். வேர்ப்பெயரைக் கல்லில் வெட்டினால் கிளைகளுக்கும் சேரும் என்று, வில்ஹெல்ம் என ஒரே கல்லை நாட்டினான்.

கல் நாட்டிய எட்டாம் நாள் உச்சிவெயிலில், நீர் வடிந்த மணலில், மூன்று இணை ஈர அடிகள் கடலிலிருந்து ஏறிவந்து கல்லைச் சுற்றித் திரும்பியிருந்தன. ஆளைக் காணோம். அடுத்த நாள் அவை உப்பளம் வரை வந்தன, அதற்கடுத்து கடைத்தெரு. வெயிலில் காயாத அடிகள். யாரோ கூப்பிடுவார்கள் என்று நின்று பார்த்ததுபோல், ஒவ்வொரு வாசலிலும் கால்விரல் நுனி ஆழப் பதிந்திருந்தது. பரதவர் படகு இறக்கவில்லை.

அப்போதுதான் துறையில் கூழ் விற்கும் காரிச்சி வந்தாள். அவள் சொன்னது சொன்னபடியே:

“அன்னிக்கு அந்தக் கப்பலுக்குக் கூழ் கொண்டுபோனது நான்தான் ஐயா. நாலு பேருக்கு நாலு கலயம் குடுத்தேன். ஒத்தை ஆளு அம்மாம்பெரிய கப்பலைத் தள்ளிக்கிட்டுப் போயிருவானா? கீழ்த்தட்டுல துடுப்பு வலிச்சவன் புகையில எங்க தெரிவான்? என்னைய யாரு கேட்டா?”

நால்வருக்கும் பெயர் ஒன்றுதானே என்று சாத்தையன் அப்போதும் பேரத்தை விடவில்லை.

“நம்ம தெருவுல சாத்தன் இருக்கான், சாத்தப்பன் இருக்கான், சாத்தையன்னு நீங்க இருக்கீக. எல்லாம் ஒரே சாமி பேருதான். சாத்தப்பன் செத்தா உங்களையும் சேத்துப் பொதைச்சிருவமா? சொல்லுங்க, குழி ஒண்ணு மிச்சம்.”

கடைத்தெரு சிரித்தது. சாத்தையன் சிரிக்கவில்லை. நேற்று நண்பகலில் அடிகள் அவன் வாசற்படிக்கு வந்திருந்தன. படியில் மூன்று கலயங்கள், பாசி படர்ந்து, வாய் மேலாக. தன்னுடையவையே என்றாள் காரிச்சி. ஆனால் தொடமாட்டேன் என்றாள். நான்காவது கலயம் வரவில்லை. வில்ஹெல்ம் கல்லடியில் அடங்கிவிட்டான்.

ஆகவே வளர்பிறை முடியுமுன் கற்கள் மூன்று புறப்படுக. ஒன்றில் வில்லெம், ஒன்றில் கியோம், ஒன்றில் குல்யெல்மோ என, வேரைத் தேடாது, அவரவரை அவரவர் வீட்டில் அழைத்தபடி, ஓரெழுத்தும் கூடாமல் குறையாமல் வெட்டுவிக்க. விலை தாங்கள் சொன்னதே. பேரம் பேசச் சாத்தையன் வாய் திறவான். இது பேரரசர் ஆணை. இலச்சினை அவசரத்தில் கோணலாகப் பதிந்திருக்கும். ஐயுறவேண்டா, ஓலை மெய்.

இதைக் கட்டும் உச்சிப்பொழுதில் அடிகள் படியைத் தாண்டி வீட்டு நடைக்குள் வந்துவிட்டன. கற்கள் வரும்வரை சாத்தையன் அங்கேயே அமர்ந்து மூன்று பெயர்களையும் உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பான். சரியாகத்தான் சொல்கிறானோ, தெரியாது. அவை நின்று கேட்கின்றன.