பெட்டிக்குள் ஒரு கீச்சு

அக்டோபர் 3, வெள்ளி
பெய்ரூத் முழுக்க அலைந்து வாங்கிய விசிறியைக் கம்ப்யூட்டரில் மாட்டியாயிற்று. பழையது லாரி மாதிரி இரைந்தது, இது மூச்சே விடவில்லை. ஆனால் மெல்லிய கீச்சு ஒன்று மட்டும் போக மாட்டேன் என்கிறது. டிவி தொடர்களின் குரல்களைச் சீர்செய்து பிழைப்பவன் நான். இதை வைத்துக்கொண்டு எப்படி வேலை பார்ப்பது?

அக்டோபர் 6, திங்கள்
பெட்டியைத் தூக்கிக்கொண்டு புர்ஜ் ஹம்மூத் பேட்டையில் கம்ப்யூட்டர் ரிப்பேர் பார்க்கும் வார்த்கெஸ் கடைக்குப் போனேன். தூசி ஊதினான், அடியில் ரப்பர் வைத்தான், சுழலும் ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிச் சுழலாத ஒன்றைப் போட்டான். ஆர்மீனியன். இந்த ஊரிலேயே பிறந்தும் நம் அரபியில் எது ஆண், எது பெண் என்று அவனுக்கு இன்னும் பிடிபடவில்லை. பெட்டியில் காதை வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "உஸ்தாத், இவ நல்லாத் தூங்குறா. எழுப்பாதீங்க."

வீட்டுக்கு வந்து போட்டேன். கீச்சு.

அக்டோபர் 7
வார்த்கெஸுக்குக் காது அடைத்துப் போயிருக்கிறது.

அக்டோபர் 9, வியாழன்
போன வாரம் முடித்துக் கொடுத்த பகுதி திரும்பி வந்துவிட்டது. எல்லாரும் கம்பளிக்குள்ளிருந்து பேசுவதுபோல் இருக்கிறதாம். கீச்சு பதிவிலும் ஏறிவிட்டது என்று நினைத்து நான்தான் குரல்களின் மேல் சுருதியை வெட்டித் தள்ளினேன். இன்னொரு தடவை இப்படி என்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வோம் என்று தயாரிப்பாளர் சொல்லிவிட்டார்.

ஹனாதி பெட்டி பக்கத்தில் நின்று கேட்டுப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை என்றாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு கத்திக் கத்தி உன் காது போச்சு என்றேன். பெண்டாட்டியிடம் பேசுகிற பேச்சா அது? எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 13, திங்கள்
காலையிலிருந்து கரண்ட் இல்லை. மதியம் தெரு ஜெனரேட்டரும் நின்றுவிட்டது. கம்ப்யூட்டர், ஃபிரிட்ஜ், எல்லாம் செத்துக் கிடந்தன.

கீச்சு நிற்கவில்லை.

ஒயரைப் பிடுங்கினேன் — கரண்டே இல்லாதபோது எந்த ஒயரைப் பிடுங்கி என்ன? பால்கனிக்குப் போனேன், கூடவே வருது. பாத்ரூம்ல போய்க் கதவச் சாத்தினேன், அங்கயும். காதைப் பொத்தினா இன்னும் பலமா... என் காதா? இத்தனை நாளும் என் காதா?

பயமாக இருக்கிறது. எனக்கு வேறு தொழில் தெரியாது.

அக்டோபர் 14
ஹனாதியிடம் சொல்லவில்லை.

அக்டோபர் 16, வியாழன்
சொன்னேன். அன்றைக்கு நான் பேசியதற்குத் திருப்பிக் கொடுப்பாள் என்று காத்திருந்தேன். "டாக்டர்கிட்ட போவோம். நானும் வர்றேன்," என்றாள்.

அக்டோபர் 20, திங்கள்
காதில் மேல் சுருதி கேட்பது கொஞ்சம் போய்விட்டது, திரும்பாது என்றார் டாக்டர். கீச்சு, காது தானாகவே போடும் சத்தமாம். நிசப்தத்தில் அது கூடும், பக்கத்தில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்கட்டும் என்றார். விசிறியின் வேகத்தை எப்படி ஏற்றுவது என்று வார்த்கெஸுக்குப் போன் போட்டேன். "இப்ப அவளக் கத்த வைக்கணுமா?" என்று கேட்டான்.

அக்டோபர் 24, வெள்ளி
விசிறி முழு வேகத்தில் ஓடுகிறது. ஹனாதி நாற்காலியை இழுத்துப் போட்டு, என் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். தொடரின் குரல்களில் 'ஸ' மங்கும் இடத்தில் விரலைத் தூக்குகிறாள். நானும் ஹெட்போனை வாங்கிக் கேட்டுப் பார்க்கிறேன், எனக்கு எதுவும் மங்கலாகத் தெரியவில்லை. அவள் விரல் தூக்கினால் மேல் சுருதியை ஏற்றுகிறேன்.