இரண்டு கார்னேஷன் மாலைகள்

செம்பவாங், சிங்கப்பூர்
ஞாயிறு காலை

அன்பு மகள் கவிக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் இங்கே சுகம்தான், நீயும் உன் கணவன் கேலமும் அந்தக் குளிரில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறீர்களா என்பதே எனக்கு எந்நேரமும் நினைப்பு. போனில் சொன்னால் அழுதுவிடுவேன் என்றுதான் எழுதுகிறேன்.

எடின்பரோவில் நீங்கள் பதிவுத் திருமணம் செய்துகொண்ட படத்தை அப்பாவிடம் காட்டினேன். டேங்க் ரோடு கோயிலில் தாலி கட்டாமல் என்ன கல்யாணம் என்று உன்னிடம் கேட்டவர், அன்றிலிருந்து உன் பெயரையே எடுக்காதவர், படத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். நீ கையில் வைத்திருந்த ரோஜா நிறப் பூங்கொத்தைக் காட்டி "இது என்ன பூ" என்று மட்டும் கேட்டார். கார்னேஷன் என்றேன். "ஓரமெல்லாம் கத்தரிச்சு விட்ட மாதிரி இருக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். கழுத்தில் மாலையில்லாமல் நீ நின்றதைப் பார்த்து நான் அழுததைக் கவனித்திருப்பார் போல. மறுநாள் என்னிடம்கூடச் சொல்லாமல் ரயிலேறி, டோபி காட் நிலையத்தில் வண்டி மாறித் தேக்கா பூக்கடைக்குப் போயிருக்கிறார். சாயங்காலம் இரண்டு கார்னேஷன் மாலைகளோடு வந்து, சாப்பாட்டு மேசையில் உன் நாற்காலிக்கு ஒன்றும் பக்கத்து நாற்காலிக்கு ஒன்றுமாகப் போட்டுவிட்டு, எதிரே உட்கார்ந்து ரசம் சாதம் சாப்பிட்டார்.

நேற்று நான் தேக்காவுக்கு மல்லிகை வாங்கப் போனபோது பூக்கடை சாமுண்டீஸ்வரிதான் சொன்னாள். "இதைக் கட்ட முடியாது அண்ணே, காம்பை நறுக்கி ஊசியிலதான் கோக்கணும், நேரமாகும் லா" என்றாளாம். பரவாயில்லை என்று வாசலிலேயே நின்றிருக்கிறார். எந்த மண்டபம், யாருக்குக் கல்யாணம் என்று கேட்டதற்கு, "மண்டபம் இல்லம்மா. என் மகளுக்கும் மருமகனுக்கும்" என்றாராம். மருமகன் என்றா சொன்னார் என்று அவளிடம் திரும்பத் திரும்பக் கேட்டேன் கவி. மல்லிகை வாங்காமலே வந்துவிட்டேன். இப்போது எழுத உட்கார்ந்ததும் அவராகவே வந்து நின்று, "அந்தப் பையன் என்னை என்னன்னு கூப்பிடுவான்னு கேளு" என்றார். மாமா என்று சொல்லிக் கொடு.

இரண்டு பேரும் ஒரு குறையுமில்லாமல் நல்லபடியாக வாழ வேண்டும். காலுக்குக் கம்பளி உறை போடாமல் வெளியே போகாதே. அடுத்த தடவை என் போனில் வேண்டாம், அவர் போனில் கூப்பிடு. எடுக்க நேரமானால் வைத்துவிடாதே, கண்ணாடியைத் தேடிக்கொண்டிருப்பார்.

உங்கள் வரவைப் பார்த்திருக்கும்,
அம்மா