தாடி வழியே போகிற காற்று

12.3.2007, திங்கள், இரவு

இஷா தொழுதும் மனம் அடங்கவில்லை. தூக்கத்தில் என் கணவருக்குத் தொண்டை மூடி மூச்சு நின்றுபோகிறது. மாஸ்க் வழியாகக் காற்றை ஊதித் தொண்டையைத் திறந்து வைக்கும் மிஷினைப் போட்டுப் பார்க்க இன்று தாம்பரம் போனோம். மாஸ்க் ஒட்டவேயில்லை. தாடி வழியாகக் காற்று புஸ்ஸென்று போனது.

"தாடிய எடுத்துட்டா கரெக்டா உக்காரும் பாய்," என்றார் மாட்டிவிட்டவர்.

"ஹஜ்ஜுல நிய்யத் வெச்சு, மனசுல உறுதி எடுத்து வளத்தது சார். மிஷினை நீங்களே வெச்சுக்கோங்க," என்று இவர் எழுந்துவிட்டார்.

"மூக்குக்கு மட்டும் மாட்டுற சின்னது வரவழைக்கலாம். ஆனா வாயைத் திறந்து தூங்கினா அதுவும் சரிப்படாது."

பெருங்களத்தூர் பஸ்ஸில் இவர் சிரித்தார். "நீ ஏன் பேசவே இல்ல? உனக்கும் நான் புது மாப்பிள்ளை மாதிரி மழமழன்னு இருக்கணுமா?"

"சின்னது வரட்டும் மச்சான்," என்று மட்டும் சொன்னேன். இவர் தாடி வைக்க வேண்டுமென்று வருஷக்கணக்காக துஆ கேட்டவள் நான்.

இப்போது பக்கத்தில் வாயைத் திறந்துதான் தூங்குகிறார். குறட்டை சட்டென்று நின்றது. தோளைப் பிடித்து உலுக்கிய பிறகுதான் மூச்சு வந்தது.

தாடி மறுபடி வளரும். காலையில் நானே சொல்லிவிடுகிறேன். ரப்பே, அதுவரை இவரை எழுப்பிக்கொண்டே இருக்க எனக்குத் தூக்கம் வராமல் பார்த்துக்கொள்.