யாழினி ஊதிய முட்டை

சனிக்கிழமை, ஈஸ்டருக்கு முந்தின இரவு

பக்கத்து ஃப்ளாட் கவிதாவிடம் இன்று பொய் சொல்லிவிட்டேன்.

மத்தியானம் என் மகனும் அவள் மகள் யாழினியும் எங்கள் வீட்டில் ஈஸ்டர் முட்டைக்கு வண்ணம் பூசினார்கள். ஊசியால் இரண்டு முனையிலும் ஓட்டை போட்டு, உள்ளே இருப்பதை ஊதி வெளியேற்றினால் ஓடு கெடாது. மஞ்சளும் பீட்ரூட் சாறும் தொட்டு யாழினி ஒரு மயில் வரைந்தாள். இன்னொரு முட்டையைத் தானே ஊதுவேன் என்று வாயில் வைத்தாள். பத்து நிமிஷத்தில் உதடு வீங்கி மூச்சு இரைத்தது. ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

ஊசி போட்டதும் மூச்சு சீரானது. கவிதா பீளமேட்டு ஆபீஸிலிருந்து பதறி வந்தாள்.

"இவளுக்கு முட்டை ஆகாதுன்னு சொல்லியிருந்தேனுங்களே அக்கா?"

சொல்லியிருந்தாள், போன மாசம் லிஃப்டில். சாப்பிட்டால்தானே ஆகாது என்று இருந்துவிட்டேன்.

"எங்கிட்டச் சொல்லலையே அம்மணி."

"அப்ப நாந்தானுங்க மறந்துபோட்டேன்" என்று அழுதாள். நர்ஸும் அவளைத்தான் திட்டினார்.

வீடு திரும்பிய யாழினி நன்றாகத் தூங்குகிறாளாம். காலையில் சர்ச்சுக்குப் போகும் முன் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். ஆனால் கவிதா வீட்டில் இன்னும் விளக்கு எரிகிறது. இப்போதே போய்க் கதவைத் தட்டுகிறேன்.