அழிக்கும் விசை

சமோகோவ்,
ஜனவரி, செவ்வாய் காலை.

அன்புத் தம்பி ஒக்னியானுக்கு,

அக்கா ஸ்லாட்டினா எழுதுகிறேன். இங்கே நானும் பிள்ளைகளும் சுகம். உன் சுகத்தை இந்த முறை வழக்கத்துக்காகக் கேட்கவில்லை.

முதலில் நீ சொன்ன வேலை. "அழிச்சிட்டுத்தானே அடிக்கிறேன், உங்க கம்ப்யூட்டர் மட்டும் ஏன் தப்புன்னு திருப்பி அனுப்புது? அதுக்கும் என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டாயே, தப்பு உன்னுடையது அல்ல. அழிக்கும் விசையைத் தட்டினால் மலைமேல் வானிலை நிலையத்தில் இருக்கும் உன் கணினி ஒரு குறியை அனுப்புகிறது. இங்கே அலுவலகத்தில் உள்ள கணினி அழிப்பதற்கு வேறொரு குறியை எதிர்பார்க்கிறது. உன் திரையில் மினுங்கும் கோடு பின்னால் நகர்வதால் திருத்தியதுபோலத் தெரியும். இங்கேயோ நீ அனுப்பும் அளவுகளில் பழைய எண்ணும் புதிய எண்ணும் சேர்ந்தே வந்து சேரும். நீ இந்தக் கணினிக்குள் நுழையும்போது ஓடும் அமைப்பில் ஒரு வரி சேர்த்துவிட்டேன். ஒருமுறை வெளியேறி மறுபடி நுழைந்தால் போதும்.

காரணத்தைத் தேடும்போது, சாயங்காலங்களில் நாம் எழுதிப் பேசிக்கொள்வதன் பதிவையும் விரித்துப் பார்க்க வேண்டியிருந்தது. என் திரையில் புதிய எழுத்து பழையதை மூடிவிடுவதால் இதுவரை உன் கடைசி வார்த்தைகள் மட்டுமே தெரிந்தன. பதிவில் நீ அழித்ததும் இருந்தது, ஒக்னியான்.

"கரி போதுமான அளவு இருக்கு" என்பதற்கு முன்னால், "நெவெனா என்னைப் பத்திக் கேட்டாளா?" என்று அடித்திருந்தாய். காலில் அடிபட்டுக் கீழே இறங்கிய உன் கூட்டாளியைப் பற்றி "ஸ்டாமென் கால் தேவலையா?" என்று கேட்டதற்கு முன்னால், "அவன் இறங்கினதுல இருந்து என் குரல் எனக்கே மறந்துபோச்சு" என்று. போன வெள்ளிக்கிழமை "காத்து கொஞ்சம் பலம்தான்" என்று முடித்தாய். அதற்கு முன் அழித்தது: "கருவிப் பெட்டி வரைக்கும் கயித்தைப் பிடிக்காமத்தான் போனேன். பிடிக்கணும்னே தோணல அக்கா." காற்று ஆளைப் பள்ளத்தில் தள்ளாமலிருக்கக் கட்டிய கயிறு அது!

அதைப் படித்தவுடன் போன் செய்தேன். "எனக்கென்ன, பீன்ஸ் சூப் கொதிக்குது, கரடியே தூங்குற காலத்துல நீ ஏன் முழிச்சிட்டிருக்க?" என்று கேலி செய்தாய். சிரித்து முடித்த பிறகும் நீ போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. உன் பக்கம் காற்று ஊளையிடுவதை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தேன். அலுவலகத்தில் ஆள் நடமாட்டம் இருந்தது. அவர்கள் காதில் விழும்படி இதைக் கேட்க மனம் வரவில்லை. அந்தத் திரையில் எழுதினால் யாரும் படிக்கலாம். அதனால்தான் காகிதம்.

உன்னைப் பிரிந்துபோன பிறகு நெவெனா ஒருமுறையும் உன்னைப் பற்றிக் கேட்கவில்லை. பொய் சொல்லி உன்னைத் தேற்ற எனக்குத் தெரியாது. அவள் வேறு வீட்டுக்குப் போய்விட்டாள், நன்றாக இருக்கிறாள். உன்னைப் பற்றிக் கேட்க நாங்கள் இருக்கிறோம். சின்னவள் மேகம் பார்க்கும்போதெல்லாம் "மாமா இதைப் பார்த்துட்டாரா?" என்கிறாள்.

இந்தக் கடிதத்தைப் பனிவண்டியில் கொண்டுவரும் எங்கள் அலுவலக வெல்கோ அதே வண்டியில் திரும்பி வரமாட்டார். ஸ்டாமெனுக்குப் பதில் உன்னோடு தங்குவார். மேலதிகாரியிடம், தனி ஆளை இந்தக் காற்றில் விட முடியாது என்று மட்டும் சொன்னேன். உன் வரிகளைக் காட்டவில்லை. வெல்கோ ஓயாமல் பேசுவார், குறட்டையும் உண்டு. பொறுத்துக்கொள். பையில் பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பனிட்சாவும் அரைத்த மிளகாய்த் துவையலும் இருக்கின்றன. அவருக்கும் கொடு.

சனிக்கிழமை பனிவண்டி மறுபடி மேலே வரும்போது நானும் அதில் இருப்பேன். இறங்கி வா என்று இழுக்கமாட்டேன். இரண்டு நாள் அடுப்போரம் உட்கார்ந்திருப்பேன். நீ பேசினால் கேட்பேன், பேசாவிட்டாலும் சரி. அதுவரை வெளியே போகும்போதெல்லாம் கயிற்றில் கை இருக்கட்டும். எனக்காக.

கடவுள் உன்னைக் காக்கட்டும், தம்பி. நான் வந்து கதவைத் தட்டும்போது நீயே வந்து திறக்க வேண்டும்.

உன் அக்கா,
ஸ்லாட்டினா