அஞ்சலை உட்கார்ந்த சீட்டு

14-7-1979, சனி

காலை டிரிப்பில் எங்கள் காலனி அஞ்சலை ஏறினாள். எட்டு மாதக் கர்ப்பம், உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குப் போகிறாள். டிக்கெட் கொடுத்து, காலியாக இருந்த ஒரே சீட்டில் உட்கார வைத்தேன்.

அடுத்த ஸ்டாப்பில் பண்ணைக்காரன் ஏறினான். நைனா அவன் கழனியில்தான் வேலை செய்கிறார். வெளியில் அவனை 'அவர்' என்றுதான் சொல்ல வேண்டும். இந்த நோட்டில் வேண்டாம்.

"எந்திருடி, காலனிக்காரிக்கு இன்னா சீட்டு?" என்றான்.

அவள் எழப்போனாள். விசில் ஊதி பஸ்ஸை நிறுத்தினேன். "அது டிக்கெட் வாங்கிக்கீது. நின்னுக்கினு வாங்க, இல்லாட்டி எறங்குங்க."

பஸ்ஸில் ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

"உங்கப்பன் எங்கிட்டதானடா வரணும்!" என்று கத்திக்கொண்டே இறங்கினான்.

சாயங்காலமே நைனாவை வேலையை விட்டு நிறுத்திவிட்டான். நைனா என்னைத் திட்டுவார் என்று நினைத்தேன். "அஞ்சல எழுந்துச்சா?" என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

மன்னிப்புக் கேட்கச் சொல்லி அவன் ஆள் அனுப்பியிருக்கிறான். கேட்க மாட்டேன். வாயை மூடிக்கொண்டிருந்த அத்தனை பேர் மீதும் ஆத்திரமாக வருகிறது. நாளைக்கும் அதே பஸ்தான். அவன் ஏறட்டும், நின்றுகொண்டே வரட்டும்.