அய்யாவின் காது

கடலாடி, புதன்கிழமை இரவு

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், என் காது மடல் கன்னத்தோடு ஒட்டியிருப்பது இன்று அறிவியல் வகுப்பில் அதிகாரபூர்வமாகக் கண்டறியப்பட்டது.

ஒவ்வொரு பண்புக்கும் அம்மாவிடமிருந்து ஒரு மரபணு, அப்பாவிடமிருந்து ஒரு மரபணு வருமாம். டீச்சர் அட்டவணை கொடுத்து நிரப்பச் சொன்னார். அம்மாவுக்குத் தொங்கும் மடல். அப்படியென்றால் எனக்கு வந்தது அய்யா காதுதான் என்று, அவர் பெயருக்கு நேரே ‘ஒட்டியது’ என எழுதினேன்.

பக்கத்தில் இருந்த முருகன் விடவில்லை. “ஏலே, ஒங்க அய்யா சவுதி போயி ஆறு வருசமாச்சு. ஒனக்கு எப்படித் தெரியும்?”

“எங்க அய்யா காது எனக்கு மனப்பாடம்லே!”

இரவு வீடியோ காலில் அய்யா வழக்கம்போலத் தலையில் துண்டு கட்டியிருந்தார்.

“அய்யா, அந்தத் துண்டக் கழட்டுங்க.”

“எதுக்குலே?”

“பாடத்துக்கு.”

சிரித்துக்கொண்டே கழற்றினார். காதோரம் நரைத்திருந்தது. மடல் அம்மாவுடையதைப் போலவே தொங்கியது. ஒட்டிய மடலுக்கான மரபணு இருவரிடமும் வெளியே தெரியாமல் ஒளிந்திருந்து எனக்கு வந்திருக்கிறது. டீச்சர் இதையும் சொன்னார், நான்தான் கவனிக்கவில்லை.

அட்டவணையை நாளை திருத்திவிடலாம். முருகனிடம் சொல்ல மாட்டேன், இங்கே மட்டும் எழுதுகிறேன்: அய்யாவின் காது எப்படி இருக்கும் என்று எனக்கு ஞாபகமே இல்லை.